பெருவாத்தின் குருதியும் பெங்களூரின் மஞ்சளும்: ஹிஸ்டோன் ஆய்வு வந்த வழி

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் பழைய தெல்தெனிய வெளியே தெரியும். அத்திவாரங்கள், உடைந்த சுவர்கள், பழைய வீதியின் கோடு. திகனயிலிருந்தும் கண்டியிலிருந்தும் சனம் பார்க்க வரும். வயதானவர்கள் சேற்றில் நின்றுகொண்டு, "இந்தா, எங்கட கடை இருந்த இடம்" என்று காட்டுவார்கள். 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்ரல் 12ஆம் திகதி திறக்கப்பட்டது. பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் வந்திருந்தார். அணைக்குப் பின்னால் எங்கள் ஊர் அழியவில்லை, மூழ்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இக்கட்டுரைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படும் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். உயிரியல் என் துறையல்ல. ஆனாலும் ஊரில் ஓர் ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சில வருடங்களுக்கு முன்பு என் மாமி ஒருவரின் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தழும்பு வந்தது. காலையில் தேத்தண்ணீருக்கு முன்பே வெற்றிலை போடுகின்றவர். கேட்டால், "ஒண்டுமில்ல மகன், சுண்ணாம்பு சுட்டிருக்கு" என்பார். அவருடைய மகன் போனில் வந்த ஒரு செய்தியை எனக்குக் காட்டினான். மஞ்சள் புற்றுநோய்க் கலத்தின் பரம்பரையலகுகளையே அடக்குகிறது, இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. "சேர், இது சரியா?" என்று கேட்டான். நான், "பூசிப் பாருங்க, நட்டமில்லையே" என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது தாடையெலும்பு வரை இறங்கியிருந்தது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

அதன் பிறகுதான் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். முழுப் பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அதற்கு ஒரு வேர் இருந்தது. நூற்றிருபது வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு வரலாறும் இருந்தது.

அந்த வரலாறு ஒரு பறவையின் குருதியில் தொடங்குகிறது. 1884இல் அல்பிரெக்ட் கொசெல் என்ற ஜெர்மானிய உயிரிரசாயனவியலாளர் பெருவாத்தின் செங்குருதிக் கலங்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். ஏன் பறவையின் குருதி? மனிதனின் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, பறவையினுடையதில் உண்டு. கலத்தின் கருவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பியவருக்கு அது மலிவாகக் கிடைத்த சுரங்கம். கொசெலுக்கு 1910இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கண்ட ஹிஸ்டோன் என்ன வேலை செய்கிறது என்பதை அவர் காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை.

டீ.என்.ஏ.தான் பரம்பரைப் பொருள் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகு ஹிஸ்டோனின் மதிப்பு இன்னும் குறைந்தது. மனிதக் கலம் ஒன்றில் இருக்கும் டீ.என்.ஏ.யை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும். அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவுக்குள் அடக்க வேண்டும். ஹிஸ்டோன் அந்த நூலைச் சுற்றிவைக்கும் கட்டை, அவ்வளவுதான் என்பது பொதுவான எண்ணமாக இருந்தது. இந்தக் கட்டையின் அமைப்பை 1974இல் றோஜர் கோர்ன்பேர்க் விளக்கினார். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் நான்கு வகை ஹிஸ்டோன்களில் இவ்விரண்டாக எட்டு சேர்ந்து ஓர் உருளை. அதைச் சுற்றி டீ.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. அடுத்த உருளை, அடுத்த சுற்று. தஸ்பீஹ் மணிகளைப் போல என்று சொன்னால் எங்கள் வாசகருக்குப் போதும். ஒரு திருத்தம் மட்டும்: தஸ்பீஹில் நூல் மணிக்குள்ளால் போகும், இங்கே மணியைச் சுற்றிப் போகும்.

கட்டை வெறும் கட்டையல்ல என்று சந்தேகித்தவர்கள் முன்பே சிலர் இருந்தார்கள். 1950ஆம் ஆண்டளவில் எடின்பரோவில் எட்கர் ஸ்ரெட்மன், எலன் ஸ்ரெட்மன் தம்பதியினர் ஹிஸ்டோன்கள் பரம்பரையலகுகளை அடக்கி வைப்பவையாக இருக்கலாம் என்றனர். 1964இல் நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வின்சன்ட் ஓல்ஃப்ரியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு படி முன்னே போனார்கள். ஹிஸ்டோன்களில் அசற்றைல் என்னும் சிறிய இரசாயனக் கூட்டம் வந்து ஒட்டிக்கொள்வதையும், அப்படி ஒட்டும்போது ஆர்.என்.ஏ. உருவாக்கத்துக்கு ஹிஸ்டோன் போடும் தடை தளர்வதையும் காட்டினார்கள். காரணத்தை எளிதாகச் சொல்லலாம். டீ.என்.ஏ.க்கு எதிர் மின்னேற்றம். ஹிஸ்டோனின் வாலில் இருக்கும் இலைசின் என்னும் அமினோவமிலத்துக்கு நேர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. அசற்றைல் வந்து இலைசினில் உட்கார்ந்தால் அந்த நேரேற்றம் போய்விடுகிறது, பிடி தளர்கிறது, வாசிக்கும் பொறி உள்ளே வர இடம் கிடைக்கிறது. பின்னாளில் கண்டது, ஒட்டப்பட்ட குறிகளைத் தேடி வந்து பற்றிக்கொள்ளும் வேறு புரதங்களும் உண்டு என்பது.

மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை என்று நினைக்கிறேன். அறபு எழுத்துக்கு மேலும் கீழும் ஹரக்கத் போடுகிறோம். எழுத்து மாறுவதில்லை. ஓசை மாறுகிறது, சில இடங்களில் பொருளே மாறுகிறது. எங்கள் முன்னோர் அறபுத் தமிழில் எழுதியபோது தமிழ் ஓசைகளுக்காகப் புதிய குறிகளையே உண்டாக்கினார்கள். பழைய தமிழ் ஏடுகளின் கதையும் இதுதான். ஓலை கிழியும் என்று புள்ளி குத்தாமல் விட்டுவிடுவார்கள். பதிப்பித்தவர்கள் பட்ட பாடு தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஹிஸ்டோன் குறிகள் டீ.என்.ஏ. எழுத்தைத் தொடுவதில்லை. எதை வாசிப்பது, எதை வாசிக்காமல் தாண்டுவது என்பதில்தான் அவற்றுக்குப் பங்கு. உவமை ஓரிடத்தில் உடையும்: வேதத்துக்கு வாசிப்பு வரையறுக்கப்பட்டது, கலத்திலோ ஈரல் ஒரு விதமாகவும் மூளை வேறு விதமாகவும் அதே நூலை வாசிக்க வேண்டும். அப்படி வாசிப்பதால்தான் ஈரல் ஈரலாகவும் மூளை மூளையாகவும் இருக்கின்றன.

ஓல்ஃப்ரியின் கருத்து ஏறத்தாழ முப்பது வருடங்கள் ஓரத்தில் கிடந்தது. குறியை ஒட்டுவது யார் என்று காட்ட முடியாததுதான் காரணம். 1996இல் டேவிட் அலிஸின் ஆய்வுகூடம் தெட்ராகைமீனா என்ற குளத்து ஒருகல உயிரியிலிருந்து அசற்றைலை ஒட்டும் நொதியத்தைப் பிரித்தெடுத்தது. பார்த்தால் அது மதுவத்தில் பரம்பரையலகுகளை இயக்குவதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தின் உறவு. அதே வருடம் ஸ்ருவார்ட் ஷ்ரைபரின் குழு அசற்றைலைக் கழற்றும் நொதியத்தைக் கண்டது. அதுவும் மதுவத்தில் முன்பே தெரிந்த ஓர் ஒழுங்காக்கியின் உறவுதான். ஒட்டுபவரும் கழற்றுபவரும் ஒரே வருடத்தில் அகப்பட்டார்கள். பீ300 என்னும் மனிதப் புரதமும் ஒட்டும் நொதியம்தான் என்பது அதே ஆண்டில் வெளிவந்தது. மஞ்சளின் கதை இந்த பீ300இல்தான் வந்து முட்டும்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். புற்றுநோய் என்பது டீ.என்.ஏ. எழுத்தில் ஏற்படும் பிழை, அதாவது விகாரம் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். அது பிழையான பாடம் அல்ல, ஆனால் குறைப்பாடம். கலப்பிரிவுக்குக் கடிவாளமாக இருக்கும் ஒரு பரம்பரையலகை இரண்டு வழியில் இழக்கலாம். எழுத்தே சிதைந்து போகலாம். அல்லது எழுத்து அப்படியே இருக்க, மேலே மூடி விழலாம். பழைய தெல்தெனியவைப் போல: கடைகள் அங்கேதான் இருக்கின்றன, வியாபாரம் மட்டும் நடப்பதில்லை. மறுபுறம், மூடிக் கிடக்க வேண்டிய பகுதி திறந்துகொள்ளவும் கூடும். முளையப் பருவத்தில் வளர்ச்சிக்குத் தேவைப்பட்டு, பின் உறங்கப் போடப்பட்ட பரம்பரையலகுகள் ஐம்பது வயதில் எழும்பினால் என்ன நடக்கும்?

2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட நோயியல் பேராசிரியரும் சூரியநாராயண வரம்பள்ளியும் அவர்களது குழுவினரும் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். முன்னிற்கும் சுரப்பியில் வரும் புற்றுநோய் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவிய நிலையில் ஈ.இஸட்.எச்.2 என்னும் புரதம் அளவுக்கு மிஞ்சி இருப்பதை அவர்கள் கண்டார்கள். அது என்ன செய்கிறது என்பதும் ஏறக்குறைய அதே காலத்தில் தெளிவானது: எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் இடத்து இலைசினில் மெதைல் கூட்டங்களை ஒட்டுகிறது. அந்தக் குறி விழுந்த இடம் மூடப்படும். அதாவது அணையின் கதவை இறுக்கி நீர்மட்டத்தை ஏற்றும் ஆள். இந்த நொதியத்தைத் தடுக்கும் தஸெமெற்றோஸ்ற்றற் என்ற மருந்துக்கு 2020 ஜனவரியில், அரிதான ஒருவகைச் சாக்கோமாவுக்காக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

2005இல் மட்ரிட்டில் மனெல் எஸ்ரெல்லரின் குழு வேறொன்றைக் காட்டியது. எச்4 ஹிஸ்டோனின் 16ஆம் இலைசினில் இருக்க வேண்டிய அசற்றைலும் 20ஆம் இலைசினில் இருக்க வேண்டிய மும்மெதைலும் பல்வேறு மனிதப் புற்றுநோய்களில் குறைந்து போகின்றன என்பது அது. 2012இல் வந்த கண்டுபிடிப்பு இன்னும் மனதை உலுக்குவது. சிறுபிள்ளைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டிகளில் ஹிஸ்டோன் எச்3இனை ஆக்கும் பரம்பரையலகிலேயே விகாரம் இருந்தது. அதே 27ஆம் இடம். இலைசின் போய் மெதியோனின் வந்திருந்தது. எழுத்துப் பிழையும் குறிப் பிழையும் இரண்டு வேறு வழிகள் என்று மேலே எழுதினேன். இங்கே ஓர் எழுத்துப் பிழை குறி விழும் இடத்தையே அழித்துவிட்டது.

குறியை மாற்றிப் புற்றுநோயை மாற்ற முடியுமா? இதில் ஒரு தற்செயல் கதை உண்டு. 1971இல் நியூயோர்க்கில் சார்லட் ஃபிரெண்ட் என்ற பெண் விஞ்ஞானி எலியின் குருதிப் புற்றுக் கலங்களில் டீ.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தபோது கலங்கள் ஈமோகுளோபினை உண்டாக்கிச் சிவக்கத் தொடங்கின. வெறிபிடித்துப் பிரிந்துகொண்டிருந்தவை நல்ல செங்குருதிக் கலங்களாகும் பாதைக்குத் திரும்பின. மருத்துவரான போல் மார்க்ஸும் இரசாயனவியலாளரான ரொனல்ட் பிறெஸ்லோவும் அந்தக் கரைப்பானைவிட வீரியமான ஒன்றைத் தேடி வருடக்கணக்காக மூலக்கூறுகளை மாற்றி மாற்றிச் செய்தார்கள். கிடைத்தது வொறினொஸ்ற்றற். அது அசற்றைலைக் கழற்றும் நொதியத்தை அடைக்கிறது என்பது 1998இல்தான் தெரிந்தது. மருந்து முதலில், விளக்கம் பிறகு. 2006 ஒக்டோபரில் தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு அது அனுமதிக்கப்பட்டது. ஃபிரெண்டின் எலிக் கலங்களிலிருந்து அங்கு வர முப்பத்தைந்து வருடம். இந்தக் கணக்கை வாசகர் ஞாபகத்தில் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பெங்களூர். அங்குள்ள ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு பீ300இன் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடியது. தேடிய இடங்கள் எங்களுக்குப் பழக்கமானவை. 2003இல் கஜுக் கோதின் எண்ணெயிலிருக்கும் அனகார்டிக் அமிலம் பீ300ஐத் தடுப்பதாகக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே அமிலத்திலிருந்து சிறிது மாற்றி ஆக்கிய இன்னொரு சேர்மம் பீ300ஐ ஊக்கியது. 2004இல் கோகம் பழத்தோலிலுள்ள கார்சினோல். கோகம் எங்கள் மீன் ஆணத்தில் போடும் கொறக்காவின் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் கார்சீனியா இனம். அதே 2004இல் மஞ்சளிலுள்ள குர்குமின். காரணம் பாலசுப்பிரமணியம் முதலாசிரியராக இருந்த அந்தக் கட்டுரை, குர்குமின் பீ300இன் அசற்றைல் ஒட்டும் வேலையைத் தடுப்பதைச் சோதனைக்குழாயிலும் வளர்ப்புக் கலங்களிலும் காட்டியது. மாமியின் மகனுடைய போனுக்கு வந்த செய்தியின் மூல ஊற்றுகளில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் குழு அங்கே நிற்கவுமில்லை. 2010இல் வாய்ப்புற்றையே எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த இழையங்களில் ஹிஸ்டோன்கள் அளவுக்கு மிஞ்சி அசற்றைல் ஏறியிருப்பதைக் கண்டார்கள். பீ300 மிகையாக ஊக்கப்படுவதும், நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு அதற்குத் தூண்டுதலாவதும் தெரிந்தன. மட்ரிட் குழு அசற்றைல் குறைந்ததைச் சொன்னது, பெங்களூர்க் குழு கூடியதைச் சொல்கிறது. முரண்போலத் தோன்றும். அங்கே ஓர் இலைசினின் கணக்கு, இங்கே வேறு இலைசின்களின் கணக்கு, வேறு இழையம். எந்த இடத்தில் எந்தக் குறி என்பதுதான் கேள்வியே தவிர அசற்றைல் நல்லதா கெட்டதா என்பதல்ல.

போன் செய்தி விழுங்கிவிட்ட பகுதி இதற்குள்தான் இருக்கிறது. பெங்களூர்க் குழு வாய்ப்புற்றுக்கு மஞ்சளைப் பயன்படுத்தவில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, குடலில் சரியாக உறிஞ்சப்படாது, உடம்பு அதை விரைவில் வெளியேற்றிவிடும். ஆகவே அதிலிருந்து நீரில் கரையும் ஒரு புதிய சேர்மத்தை ஆக்கி, சி.ரீ.கே.7ஏ என்று பெயரிட்டு, மனித வாய்ப்புற்றுக் கலங்களை வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது. எலியில் குறைந்தது, மனிதரில் அல்ல. குர்குமின் பற்றி 2017இல் மருத்துவ இரசாயனவியலாளர் சிலர் எழுதிய நீண்ட மீளாய்வு ஒன்று, 120க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்தும் இருபுறமும் மறைத்துச் செய்த, போலிமருந்தோடு ஒப்பிட்ட ஒன்றுகூட வெற்றிபெறவில்லை என்றது. 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாற்றுமுறைகளைச் சேர்த்துக்கொண்ட புற்றுநோயாளிகள் சத்திரசிகிச்சை போன்ற வழமையான சிகிச்சையின் ஏதாவது ஒரு பகுதியை மறுப்பது அதிகம் என்றும், அவர்களது மரண அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்றும் காட்டினார்கள். "நட்டமில்லையே" என்று நான் சொன்ன சொல்லின் விலை அந்த எண்ணில் இருக்கிறது. மஞ்சள் யாரையும் கொல்லவில்லை. எட்டு மாதம் கொன்றது.

வெற்றிலையைப் பற்றியும் எழுதாமல் விட்டால் இது நேர்மையான வரலாறாகாது. இப்னு பதூதா தோபார் பகுதியைப் பற்றி எழுதும்போது வெற்றிலையையும் அதோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்க்கும் முறையையும் விரிவாக எழுதியிருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறியவரும் அவரே. கண்டி இராச்சியத்தில் எங்கள் மூதாதையர் பலருக்குத் தவளம் தொழில். பொதிமாடுகளில் பாக்கை ஏற்றிக் கரையோரம் கொண்டுபோய், உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைக்குத் திரும்பினார்கள். கலியாண வீட்டு வெற்றிலைத் தட்டு அந்தச் செழிப்பின் எச்சம். அதே பாக்கை, புகையிலை சேராவிட்டாலும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் வகுப்பில் வைத்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இன்றும் வாய்ப்புற்றுதான்.

எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒரு காரியத்தை மிகச் சிலரே அறிவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் மத்திய இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றி, வீடு வீடாக வாய்களைப் பரிசோதிக்க வைத்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. ஓராண்டுக்குள் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாய் பார்க்கப்பட்டது. வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம்: இவற்றை இனங்காண டொக்டராக இருக்கத் தேவையில்லை என்பதை அது உலகுக்குக் காட்டியது. ஹிஸ்டோன் என்ற சொல்லை அந்த ஊழியர்களில் எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெங்களூரில் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்த அதே மாற்றத்தை, அது கட்டியாவதற்கு முன்பே, அவர்கள் ரோர்ச் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் என் ராத்தாவின் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் தழும்பு. அவவும் வெற்றிலைக்காரி. மூன்று கிழமை பார்த்தோம், போகவில்லை. பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறு துண்டு வெட்டிப் பார்த்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, ஆகக்கூடும் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறா. வெற்றிலைத் தட்டை யாருக்கோ கொடுத்துவிட்டா. மஞ்சள் போத்தல் குசினியில் பழைய தட்டிலேயே, கொறக்காப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆணத்துக்காக.